பத்தாம் வகுப்புக்கு ஹிட்லர், முசோலினி பாடம் நடத்துவது எப்படி

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், குரூப் தேர்வுக்குப் படிக்கிற ஒன்றிரண்டு பேரும் வருகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் அடிக்கடி போன் பண்ணுவார்கள். "டீச்சர், ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல வர்ற பாடத்தை எப்படி நடத்துறது? பேரும் தேதியுமாக் கிடக்கு. பிள்ளைகள் தூங்குது." அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் ஆகும்.

பிள்ளைகள் தூங்குவதில் ஆச்சரியம் இல்லை. கெட்டவன் ஒருவன் வந்தான், மேடையில் கத்தினான், நாட்டைப் பிடித்தான், சண்டை போட்டான் என்று நடத்தினால் அது சினிமா வில்லன் கதை. அதைச் சினிமாக்காரர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். வகுப்பில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒவ்வொரு படியிலும் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? எந்தத் தாளில், யார் கையெழுத்துப் போட்டார்கள்?

வேண்டிய சாமான் அதிகமில்லை. ஒரு நீள நோட்டு, போன வருஷத்து மாதக் காலண்டர் தாள்கள் (பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், வரைபடத்துக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது), சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்று, பென்சில், ரப்பர். நோட்டில் மூன்று பத்தி கோடு போடச் சொல்லுங்கள். முதல் பத்தி தேதி. இரண்டாவது நடந்தது. மூன்றாவது கையெழுத்து. மூன்றாவது பத்தியைச் சர்வாதிகாரியின் பெயரால் நிரப்பக் கூடாது என்பது விதி. ஓட்டுப் போட்டவர், நியமித்தவர், சும்மா இருந்தவர் பெயர்தான் அங்கே வர வேண்டும்.

வெர்செய்ல்ஸை ஒரே வகுப்பில் முடியுங்கள்

1919 ஜூன் 28, முதல் உலகப்போரை முடித்து ஜெர்மனி கையெழுத்துப் போட்ட வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம். போருக்குப் பொறுப்பு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும்தான் என்று 231-வது பிரிவு. படை ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. 1921-ல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. இவ்வளவு போதும். இதிலேயே ஒரு வாரம் உட்கார்ந்துகொள்கிற ஆசிரியர்கள் உண்டு. அப்படி நடத்தினால், வெர்செய்ல்ஸ் வந்ததால் ஹிட்லர் வந்தார் என்று பிள்ளைகள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

பணவீக்கத்தைக் கரும்பலகையில் காட்டுங்கள். 1914-ல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். ஒரு பையனைக் கூப்பிட்டு 42 எழுதி, பக்கத்தில் பதினோரு சுழி போடச் சொல்லுங்கள். அந்தச் சுழிகளை எழுதி முடிக்கும்போது பின் பெஞ்சும் விழித்துக்கொள்ளும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். அதே நவம்பரில் ஹிட்லர் மியூனிச்சில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்று ஜெயிலுக்குப் போனார். புது நாணயம் வந்து, நிலைமை தேறிய பிறகு, 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம்தான். ஆக, பணவீக்கம் வந்தது, ஹிட்லர் வந்தார் என்று ஒட்டிப்போடக் கூடாது. நடுவில் பத்து வருஷம் இருக்கிறது. அந்தப் பத்து வருஷத்தில்தான் பாடமே இருக்கிறது.

பெருமந்தத்தை நம்மூர்ப் பக்கமிருந்து தொடங்குங்கள்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது என்று ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு அது எங்கேயோ நடந்த விஷயம். 1930-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் நெல் விலை பாதி அளவுக்கு விழுந்தது என்று ஆரம்பியுங்கள். வாங்கின கடன் அப்படியே நிற்கிறது, கட்ட வேண்டிய தீர்வை நிற்கிறது, நெல்லுக்கு மட்டும் விலை இல்லை. வயற்காட்டு வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அப்புறம் மலேயாவுக்குப் போங்கள். ரப்பர் விலை படுத்ததும், தோட்டத்தில் வேலை பார்த்த நம் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் பினாங்கு, சிங்கப்பூர் பெயரைக் கேட்டதும் தானாகவே பேச ஆரம்பிக்கும். பேச விடுங்கள்.

அங்கிருந்து ஜெர்மனிக்குத் தாண்டலாம். அமெரிக்கக் கடனை நம்பி எழுந்த நாடு அது. கடன் நின்றது, ஆலைகள் மூடின, 1932-ல் வேலையில்லாதவர்கள் ஏறத்தாழ 60 லட்சம். அப்போது பிரதமராக இருந்த புரூனிங், செலவைக் குறைக்கிறேன் என்று சம்பளத்தையும் வேலையில்லாதோர் உதவித்தொகையையும் வெட்டினார். நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அரசியல் சட்டத்தின் 48-வது பிரிவைப் பிடித்து, ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கையெழுத்தில் அவசர ஆணை போட்டு ஆண்டார்கள். இது ஹிட்லருக்கு முன்பே, 1930-லேயே தொடங்கிவிட்ட பழக்கம். மூன்றாவது பத்தியில் ஹிண்டன்பர்க் பெயரை முதன்முதலாக எழுத வேண்டிய இடம் இது. இன்னும் பல தடவை எழுத வேண்டி வரும்.

இத்தாலிக்கு ஒரு இரவு போதும்

1922 அக்டோபர் 28 காலை. முசோலினியின் கருஞ்சட்டைக்காரர்கள் ரோமை நோக்கி வருகிறார்கள். (நம் பிள்ளைகளுக்குக் கருஞ்சட்டை என்றால் பெரியார் தொண்டர்கள்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் விடைத்தாளில் வந்து நிற்கும்.) பிரதமர் ஃபாக்டா ராணுவச் சட்டம் அறிவிக்க ஆணை தயாரித்து மன்னரிடம் கொண்டுபோகிறார். மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். முசோலினி அந்தக் கூட்டத்தோடு நடந்து வரவே இல்லை. மிலானில் இருந்தார். மன்னர் கூப்பிட்ட பிறகு ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டு ரோமுக்கு வந்து பிரதமர் ஆனார். அன்றைக்கு நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்த இடம் 35.

"போடாத கையெழுத்தையும் எழுதணுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கண்டிப்பாக எழுத வேண்டும். நோட்டிலேயே கனமான வரி அதுதான்.

அடுத்த வருஷம் ஒரு தேர்தல் சட்டம். கால்வாசி ஓட்டுக்குக் குறையாமல் வாங்கி முதலிடம் வருகிற கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம். இதை நிறைவேற்றியது அதே நாடாளுமன்றம். 1924-ல் தேர்தல் மோசடியை எழுந்து பேசிய சோசலிஸ்ட் மத்தேயோத்தி பதினோரே நாளில் கடத்திக் கொல்லப்பட்டார். எதிர்க்கட்சிகள் கோபத்தில் சபையை விட்டு வெளியேறின, மன்னர் ஏதாவது செய்வார் என்று காத்திருந்தன. மன்னர் அப்போதும் அசையவில்லை.

52 நாள்

இதற்கு மட்டும் இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள்.

மறுபடி ஜெர்மனி. முதலில் நாஜிக் கட்சி வாங்கிய ஓட்டு. 1930-ல் 18.3 சதவீதம். 1932 ஜூலையில் 37.3. அதே வருஷம் நவம்பரில் 33.1. கரும்பலகையில் வரைபடமாகப் போட்டால் கோடு ஏறி, இறங்குவது தெரியும். இங்கே நிறுத்திப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "ஏலே, இறங்குற கட்சிக்காரன் எப்படிலே பிரதமர் ஆனான்?" பதில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. முன்னாள் பிரதமர் ஃபான் பாப்பன், ஹிட்லரைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார். 1933 ஜனவரி 30 நியமனம். அமைச்சரவையில் நாஜிகள் ஹிட்லரோடு சேர்த்து மூன்றே பேர். பாப்பன் துணைப் பிரதமர். வீட்டுக்குள் விட்டாலும் சாவி நம்மிடம்தான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பிப்ரவரி 27 நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே ஆணை: பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் நிறுத்தம். கையெழுத்து ஹிண்டன்பர்க். மார்ச் 5 தேர்தலில், இவ்வளவு மிரட்டலுக்குப் பிறகும், நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான். பாதியைத் தாண்டவில்லை. மார்ச் 23 அதிகாரமளிக்கும் சட்டம். நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் போடலாம் என்று நாடாளுமன்றமே ஓட்டுப் போட்டது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்டுகளை உள்ளே விடவில்லை. சபைக்குள்ளும் வெளியிலும் சீருடை அணிந்த அடியாட்கள் நின்றார்கள். எதிர்த்துப் பேசியது சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ். அந்த 94 ஓட்டும் அவர் கட்சியுடையது.

ஜனவரி 30-லிருந்து மார்ச் 23 வரை 52 நாள். நம் அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகள் நடக்கிற காலம். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லுங்கள், அளவு பிடிபடும்.

இந்த இடத்தில் தவறாமல் ஒரு பையன் கை தூக்குவான். "ஆனா டீச்சர், அவரு நல்ல ரோடு போட்டாருல்ல?" நம்மூரில் ஹிட்லருக்கு ரசிகர்கள் உண்டு. கண்டிப்பான வாத்தியாருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர் வைப்பதில் தொடங்கி, போனில் வருகிற செய்திகள் வரைக்கும் பரவியிருக்கிறது. திட்டாதீர்கள். திட்டினால் ரசிகர் மன்றம் பலப்படும். தகவலைச் சொல்லுங்கள். கொலோன் முதல் பான் வரையிலான விரைவுச்சாலை 1932 ஆகஸ்டிலேயே திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் கொலோன் மேயர் அடினாவர். ஹிட்லர் அப்போது பதவியிலேயே இல்லை. வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைந்ததும் உண்மைதான், ஆனால் அதில் பெரும்பங்கு ஆயுதத் தயாரிப்பும் கட்டாய ராணுவச் சேவையும். யூதர்களை வேலையை விட்டுத் துரத்தினார்கள், பெண்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

"நேதாஜிக்கு உதவினாருல்ல?" இது அடுத்த கேள்வி. நேதாஜி 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார், உண்மை. ஆனால் ஹிட்லர் தன் சுயசரிதையில், இந்தியா வேறு யாரிடமும் போவதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதே மேல் என்று எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் இருக்கும். மேலே எதுவும் சேர்க்காமல் அடுத்த வரிக்குப் போங்கள்.

காலண்டர் தாளில் வரைபடம்

ஐரோப்பாவைப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். இன்னொரு தாளில் கிழக்கு ஆசியா. இந்த இரண்டாவது தாளை விட்டுவிடாதீர்கள். 1939 செப்டம்பரில் போலந்தில் போர் தொடங்கியது என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, நம் ஜில்லாக்காரர்கள் ஏன் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தார்கள் என்பது கடைசி வரை புரியாது. நமக்குப் போர் கிழக்கிலிருந்து வந்தது.

படை புகுந்த இடத்துக்கெல்லாம் சிவப்பு அடிக்க வேண்டும். அதனால் முதல் சிவப்பு சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில். 1931 செப்டம்பர் 18. ரயில் பாதையில் ஜப்பானியப் படை அதிகாரிகளே குண்டு வைத்துவிட்டுப் பழியைச் சீனர் மேல் போட்டார்கள். டோக்கியோ அரசைக் கேட்டுச் செய்யவில்லை. அரசு பின்னால் ஒத்துக்கொண்டது. இங்கே ஒரு தனி ஆள் பெயரைத் தேடிப் பிள்ளைகள் திணறும், திணறட்டும். எல்லா இடத்திலும் மீசை வைத்த ஒருவர் இருப்பார் என்ற எண்ணம் போக வேண்டும். முதல் போருக்குப் பிறகு நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுச் சங்கம் விசாரித்து, 1933 பிப்ரவரியில் 42-க்கு 1 என்று கண்டித்தது. அந்த ஒன்று ஜப்பான். எழுந்து வெளியே போய்விட்டது, அவ்வளவுதான்.

1935 அக்டோபர், இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை போட்டார்கள், பட்டியலில் பெட்ரோலியம் இல்லை. சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. இத்தாலியப் படைக் கப்பல்கள் கட்டணம் கட்டிவிட்டு அந்த வழியாகவே போயின. கையெழுத்துப் பத்தியில் பிரிட்டன், பிரான்ஸ்.

1936 மார்ச் 7, ரைன்லாந்து. ஒப்பந்தப்படி ஜெர்மன் படை போகக் கூடாத இடம் அது. உள்ளே போன துருப்பு கொஞ்சம்தான், பிரான்சிடம் அதைவிடப் பெரிய படை இருந்தது. யாரும் வரவில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் இப்படிச் சொல்வேன்: மடைப் பலகையை ஒருத்தன் ராத்திரியில் ஒரு விரற்கடை தூக்கிப் பார்க்கிறான், விடியும்வரை யாரும் கேட்கவில்லை என்றால் அடுத்த ராத்திரி எவ்வளவு தூக்குவான்? கடைமடை வீட்டுப் பிள்ளைகள் பதிலைக் கத்திச் சொல்லும்.

அதே வருஷம் ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். 1937 ஜூலையில் ஜப்பானுக்குச் சீனாவோடு முழுப் போர். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டார். இவற்றைத் தேதியோடு சிவப்படித்துவிட்டு நகருங்கள்.

மியூனிச்சுக்கு நாலு நாற்காலி

இதைச் செய்து காட்டாமல் சொல்லிவிட்டுப் போவது பாவம். நடு வகுப்பில் நாலு நாற்காலி போடுங்கள். ஹிட்லர், முசோலினி, பிரிட்டனின் சேம்பர்லேன், பிரான்சின் தலாதியே. செக்கோஸ்லோவாக்கியாவின் சுடட்டன்லாந்துப் பகுதியை ஹிட்லர் கேட்டார், அதைப் பேசத்தான் நாலு பேரும் மியூனிச்சில் கூடினார்கள். ஐந்தாவதாக ஒரு பிள்ளையைச் செக்கோஸ்லோவாக்கியா ஆக்கி, பள்ளிப் பையை (அதுதான் அந்த நாடு) வகுப்பிலேயே வைத்துவிட்டு வராந்தாவில் போய் நிற்கச் சொல்லுங்கள். நிஜத்திலும் செக் அதிகாரிகள் மியூனிச்சில் ஓட்டல் அறையில்தான் காத்திருந்தார்கள். ஆறாவது ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில், சோவியத் யூனியன். அதையும் யாரும் அழைக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்.

நாலு பேரும் பையைத் திறந்து என்ன எடுப்பது என்று பேசட்டும். சுடட்டன்லாந்து என்பது எல்லைக் கோட்டைகள் இருந்த பகுதி, அதனால் ஜியாமெட்ரி பாக்ஸை எடுக்கச் சொல்லுவேன். எடுத்து, ஒரு தாளில் நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தேதி 1938 செப்டம்பர் 29 என்றிருக்கும், நள்ளிரவைத் தாண்டித்தான் போட்டார்கள். அப்புறம் வெளியே நிற்கிற பிள்ளையை உள்ளே கூப்பிட்டு முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை அப்படி நின்ற பெண், பையைப் பிடுங்கிக்கொண்டு, "எங்கிட்ட கேக்காம எப்படி எடுத்திய?" என்று நிஜமாகவே சண்டைக்கு வந்துவிட்டாள். தலாதியே ஆக இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். சேம்பர்லேன், "சண்டை வேண்டாம்னுதான்ளா" என்றான். பாடப் புத்தகத்தில் சமாதானக் கொள்கை என்று அரைப் பக்கம் இருப்பதை அந்தப் பையன் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டான்.

சேம்பர்லேனுக்கு நியாயமும் செய்யுங்கள். முதல் போரில் செத்தவர்களை எண்ணி முடிக்காத ஊர் அது. அவர் திரும்பி வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று கொண்டாடினார்கள். அந்தக் கூட்டத்தையும் கையெழுத்துப் பத்தியில் எழுதலாம், நான் எழுதச் சொல்லுவேன். ஆறு மாதம் கழித்து, 1939 மார்ச் 15, ஹிட்லர் செக் தலைநகர் பிராகாவுக்குள் போனார். மிச்சப் பையும் போயிற்று. இப்போது கடைசி பெஞ்சைப் பாருங்கள். 1939 ஆகஸ்ட் 23 அந்தப் பிள்ளை எழுந்து வந்து ஹிட்லர் பக்கத்தில் உட்கார வேண்டும். போலந்தை இரண்டு பேரும் ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். செப்டம்பர் 1 போலந்து. செப்டம்பர் 3 பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன.

அதே செப்டம்பர் 3, நோட்டில் இன்னொரு வரி. இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவிப்பு. மூன்றாவது பத்தி: வைஸ்ராய் லின்லித்கோ. வேறு யாரையும் கேட்கவில்லை. அதைக் கண்டித்து காங்கிரஸ் மாகாண மந்திரிசபைகள் விலகின. சென்னையில் ராஜாஜி மந்திரிசபை அக்டோபர் கடைசியில் போயிற்று.

வீட்டுப் பாடம் ஒன்றே ஒன்று. 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு விழுந்தது, 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. இந்த இரண்டு தேதியையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, அப்போது நம் குடும்பத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். தேதியைச் சொல்லாமல் சும்மா போர்க் கதை கேட்டால் ஒன்றும் வராது. பர்மாவா, மலேயாவா, கொழும்பா என்று இடத்தைச் சொல்லிக் கேட்டால் ஆச்சி பேச ஆரம்பித்துவிடும். ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத ஒருவர் எந்த வீட்டிலாவது இருக்கலாம். அழுகிற மாதிரி இருந்தால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

"இப்ப இருக்கிற இன்னார் சர்வாதிகாரியா டீச்சர்?" என்று கேட்பார்கள். எந்தக் கட்சிப் பெயரும் சொல்லிக் கேட்பார்கள், வீட்டில் பேசுவதைப் பொறுத்து. நான் ஆம், இல்லை இரண்டும் சொல்வதில்லை. நோட்டைத் திறந்து மூன்று பத்தியையும் நீயே போட்டுப் பார் என்பேன். நாடாளுமன்றம் கூடுகிறதா, கோர்ட் கேட்கிறதா, பத்திரிகைக்காரன் வெளியே இருக்கிறானா என்று வரி வரியாகப் பார்க்கட்டும். மறுநாள் யாராவது பெற்றோர் வந்து கேட்டால் அந்த நோட்டைக் காட்டலாம். அதில் நம் கருத்து ஒரு வரி கூட இருக்காது.

தேர்வுக்கு: காலக்கோடு கேள்வி வந்தால் முதல் இரண்டு பத்தி மட்டும் போதும், ஆண்டு மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். பெரிய வினாவில் காரணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் மூன்றாவது பத்தியிலிருந்து ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 444, 94 என்ற இரண்டு எண்ணும் விடைத்தாளில் இருந்தால் திருத்துகிறவர் கண்ணில் படும். எத்தியோப்பியாவை அபிசீனியா என்று எழுதியிருந்தாலும் சரிதான், அடிக்க வேண்டாம். ரைன்லாந்தையும் சுடட்டன்லாந்தையும் மாற்றி எழுதுகிற பிள்ளைகள்தான் அதிகம். வரைபடத்தில் ரைன் ஆற்றைப் பிரான்ஸ் பக்கம் நீலத்தில் ஒரு கோடு போட வைத்தால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.